கூடையில் வந்ததைச் சமைப்பது

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். பக்கத்தில் விளைவதைச் சாப்பிட வேண்டும், முடிந்தால் ஒரு சமூகப் பண்ணைக்கு ஆதரவாக இருக்க வேண்டும் என்று ஆசை. அன்றாட வாழ்க்கையில் இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இது வசதியானவர்களின் பொழுதுபோக்குதானா, நிஜமாகவே யாருக்காவது பயன்படுமா?" உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று தோன்றுகிறது. நாம் வாங்கும் இரண்டு கட்டுக் கீரையால் ஒரு பண்ணை பிழைத்துவிடுமா என்ற சந்தேகம் அது. அதைத் தீர்க்காமல் வழிகளை மட்டும் சொன்னால் மூன்றாவது வாரமே விட்டுவிடுவீர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். உறுப்பினர்கள் முன்பணம் கட்டி விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு பண்ணையில் பதினாறு ஆண்டுகளாக விநியோகத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். மண்வெட்டி பிடித்த நாட்களைவிடப் பேரேடு பிடித்த நாட்கள் அதிகம். ஊட்டச்சத்து என் துறை அல்ல, சூழலியல் கணக்குகளும் என் துறை அல்ல. அவற்றில் பிறர் அளந்து சொன்னதைத்தான் சொல்ல முடியும். பண்ணையின் பணம் எந்த மாதத்தில் வற்றும், எந்த மாதத்தில் காய் அழுகும் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

முதலில் "பக்கத்தில்" என்றால் எவ்வளவு தூரம்? இதற்கு உலகம் ஒத்துக்கொண்ட அளவு எதுவும் இல்லை. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் ஒரு கடன் திட்டத்துக்காக 400 மைலுக்கு உட்பட்டதையோ, அதே மாநிலத்துக்குள் விளைந்ததையோ உள்ளூர் விளைபொருள் என்று வைத்துக்கொண்டது. 400 மைல் என்றால் ஏறக்குறைய 640 கிலோமீட்டர். பல நாடுகளின் குறுக்களவே அவ்வளவுதான் இருக்கும். 2005இல் கனடாவில் ஒரு தம்பதியர் நூறு மைலுக்குள் விளைந்ததை மட்டுமே ஓராண்டு சாப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த எண் அப்படியே பிடித்துக்கொண்டு பரவியது. அது உருண்டையான எண் என்பதைத் தவிர அதற்குத் தனி மகிமை இல்லை. நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. இந்தக் கீரையை யார் விதைத்தார் என்று கேட்டால் நாளைக்குள் எனக்குப் பதில் வருமா என்று மட்டும் பார்ப்பேன். வருமென்றால் அது எனக்குப் பக்கம்.

அடுத்து, இந்த முயற்சியில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் நம்பி வருகிற காரணத்தை உடைத்துவிட வேண்டியிருக்கிறது. தூரத்திலிருந்து லாரியில் வரும் உணவுதான் புவியைச் சூடாக்குகிறது, பக்கத்தில் வாங்கினால் அது குறைந்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. உணவு பயணம் செய்யும் தூரத்தைக் குறிக்கும் "உணவு மைல்" என்ற சொல்லை 1990களில் லண்டனைச் சேர்ந்த உணவுக் கொள்கைப் பேராசிரியர் டிம் லாங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சொல் பளிச்சென்று இருந்ததால் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. பிறகு அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வெபர், மேத்யூஸ் இருவரும் அமெரிக்கக் குடும்பங்களின் உணவைக் கணக்கிட்டார்கள். அந்த உணவால் வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுக்களில் 83 சதவீதம் விளைவிக்கும் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. போக்குவரத்து முழுவதையும் சேர்த்தால் 11 சதவீதம். விளைந்த இடத்திலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் 4 சதவீதம். உணவு முழுவதையும் உள்ளூரிலேயே வாங்குவதைவிட, வாரத்தில் ஒரு நாளுக்கும் குறைவான அளவு மாடு, ஆடு போன்ற சிவப்பு இறைச்சியையும் பால் பொருட்களையும் விட்டு வேறொன்றுக்கு மாறினால் குறைவது அதிகம் என்று அவர்கள் முடித்தார்கள். 2005இல் பிரிட்டன் அரசு செய்வித்த ஆய்விலும் இதே மாதிரி ஒரு சங்கடம் வந்தது. உள்ளூரில் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் விளைந்த தக்காளியைவிட, ஸ்பெயினின் வெயிலில் விளைந்து லாரியில் வந்த தக்காளியால் வெளியாகும் கரியமில வாயு குறைவு. விமானத்தில் வரும் உணவு மட்டும் இதற்கு விலக்கு. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பல் வெளியிடுவதைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கை விமானம் வெளியிடுகிறது. நல்லவேளையாக, மொத்த உணவில் விமானம் ஏறுவது மிகச் சொற்பம். சீக்கிரம் வாடுகிற, விலை உயர்ந்த சரக்குதான் அதில் போகிறது.

உடம்புக்கு நல்லது என்ற வாதமும் பாதிதான் நிற்கும். பறித்த பிறகு கீரையிலுள்ள வைட்டமின் சி நாளுக்கு நாள் இறங்குகிறது, வெப்பமான இடத்தில் இன்னும் வேகமாக இறங்குகிறது. இது உறுதியானது. ஆனால் காலையில் பறித்த கீரையை நான்கு நாள் உங்கள் வீட்டிலேயே வைத்திருந்தால், பறித்த கையோடு உறைய வைத்த கீரை அதைத் தோற்கடித்துவிடும். உள்ளூர் உணவு சாப்பிடுகிறவர்கள் அதனாலேயே ஆரோக்கியமாக இருக்கிறார்களா என்பது இன்னும் சந்தேகத்துக்குரியது. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், வீட்டில் சமைக்கவும் செய்கிறார்கள். எதனால் எது வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சுவையைப் பற்றி மட்டும் நான் பணிந்து பேசமாட்டேன். தூரம் போகும் தக்காளி பச்சையாகவோ இளஞ்சிவப்பு தட்டும்போதோ பறிக்கப்படுகிறது. அதைவிட முக்கியம், விதையைத் தேர்ந்தெடுக்கும்போதே தடித்த தோல், ஒரே அளவு, அடுக்கினால் நசுங்காத உடம்பு என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்தில் விற்கிறவருக்கு அந்தக் கவலை இல்லாததால், மெல்லிய தோலும் நிறையச் சாறும் உள்ள ரகத்தை நட முடிகிறது. வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இந்த வாதம் செல்லாது. அவை பயணத்தைத் தாங்குகிற பிறவிகள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் போடும் கணக்கில், உள்நாட்டில் விளைந்த உணவுக்கு மக்கள் செலவிடும் ஒவ்வொரு நூறிலும் பண்ணைக்குப் போய்ச் சேருவது பதினைந்து, பதினாறுதான். மீதி, பதப்படுத்துதல், பொட்டலம், போக்குவரத்து, கடை, உணவகம் என்று பிரிந்துவிடுகிறது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "நேரடியாக வாங்கினால் நூறும் விவசாயிக்கே" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாளாவது சந்தையில் கடை விரித்துப் பார்க்க வேண்டும். நேரடியாக விற்கும்போது இடைத்தரகரின் பங்கு விவசாயிக்கு வருகிறது. இடைத்தரகரின் வேலையும் சேர்ந்தே வருகிறது. விடியுமுன் சரக்கு ஏற்ற வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், நாள் முழுக்க நிற்க வேண்டும், மழை வந்தால் விற்காததைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த நாளில் வயலில் களை வளர்ந்துகொண்டிருக்கும். நேரடி விற்பனை எப்போதும் லாபம் என்று என்னால் எழுதித்தர முடியாது. எங்கள் பேரேட்டிலேயே சந்தைக்குப் போய்க் கைக்காசு இழந்த நாட்கள் வரிசையாக இருக்கின்றன.

சிறிய பண்ணையைக் கொல்வது குறைந்த விலை மட்டும் அல்ல. பணம் வரும் நேரமும், வருமா வராதா என்கிற நிச்சயமின்மையும்தான் கழுத்தைப் பிடிக்கின்றன. விதை, எரு, கூலி, சொட்டு நீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் பருவத் தொடக்கத்தில் பணம் வேண்டும். வருமானம் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் வரும். இடைப்பட்ட காலத்துக்குக் கடன். ஆலங்கட்டி மழை ஒரு மணி நேரம் பெய்தால் கடன் மட்டும் மிஞ்சும். இதுவரை இந்த நஷ்டத்தை ஒரே குடும்பம் சுமந்தது; அதை ஐம்பது குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் என்ன என்ற யோசனைதான் சமூகம் தாங்கும் வேளாண்மை. பூச்சிமருந்தைப் பற்றிய பயத்தில் ஜப்பானியக் குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டன. தெய்க்கெய் என்று அதற்குப் பெயர். அங்கே இயற்கை வேளாண் சங்கம் 1971இல் அமைந்தது, தெய்க்கெய்யின் பத்துக் கொள்கைகள் 1978இல் வகுக்கப்பட்டன. அதே 1978இல் ஜெனீவாவிலும் இப்படியொரு கூட்டுறவுத் தோட்டம் தொடங்கியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகத் தெரியவில்லை; ஒரே வலிக்கு இரண்டு இடத்தில் ஒரே மருந்து. 1986இல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கின. ஒன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மற்றது நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. டெம்பிள்-வில்டனைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிராகர் குரோ, ஜெர்மனியின் புஷ்பெர்க்ஹோஃப் பண்ணையில் உழுதவர். இரண்டு ஆண்டு கழித்து, 1988இல், அந்தப் பழைய புஷ்பெர்க்ஹோஃப் பண்ணையும் இதே முறைக்கு மாறியது.

டெம்பிள்-வில்டனில் விலைப்பட்டியல் கிடையாது. ஆண்டுத் தொடக்கத்தில் விவசாயிகள் "இந்த ஆண்டு பண்ணை நடத்த இவ்வளவு ஆகும்" என்று மொத்தச் செலவை உறுப்பினர்கள் முன் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைச் சொல்லும். கூட்டினால் செலவுக்கு எட்டவில்லையென்றால் இன்னொரு சுற்று. ஜெர்மனியில் இன்று பல பண்ணைகள் இப்படித்தான் செய்கின்றன. தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பதால் யார் எவ்வளவு தந்தார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நாங்களும் எங்கள் ஒன்பதாவது ஆண்டில் இதற்கு மாறினோம். முதல் கூட்டத்தில் சீட்டுகளைப் பிரித்துக் கூட்டியபோது என் கை நடுங்கியது. முதல் சுற்றில் எட்டவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் எட்டியது, சிறிதளவு மிஞ்சவும் செய்தது. வசதியானவர்களின் பொழுதுபோக்கா என்று கேட்டீர்களே, அந்தச் சீட்டுகளில் மிகக் குறைந்த தொகைக்கும் மிக அதிகமான தொகைக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் இருந்தது. இருவருக்கும் கிடைத்தது ஒரே மாதிரியான கூடை. எல்லாப் பண்ணையும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுத்தொகையையும் ஒரே தவணையில் முன்கூட்டியே கட்டச் சொல்லும் பண்ணைகள் அதிகம். அவற்றில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் கையில் சேமிப்பு உள்ளவர்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

ஆக, என் பதில் இதுதான்: உங்கள் இரண்டு கட்டுக் கீரையால் பண்ணை பிழைக்காது. வருகிற நாற்பது வாரமும் நீங்கள் வருவீர்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அதை வைத்து விவசாயியால் விதை வாங்க முடியும். ஆர்வம் பொங்கும் வாரத்தில் பை நிறைய வாங்கிவிட்டு அடுத்த இரண்டு மாதம் காணாமல் போகிறவரைவிட, வாரம் தவறாமல் கொஞ்சம் வாங்குகிறவர் பண்ணைக்கு மேல்.

இதில் கசப்பும் உண்டு, மறைக்கவில்லை. எங்கள் மூன்றாவது ஆண்டில் வெள்ளரியும் பீன்ஸும் நோயில் போய்விட்டன, பூசணி மட்டும் பேய்த்தனமாகக் காய்த்தது. ஆறு வாரம் தொடர்ந்து எல்லோர் கூடையிலும் பூசணி. ஆறாவது வாரம் ஓர் அம்மா வாசலிலேயே கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, எங்கள் வீட்டு மாடிப்படியில் படிக்கு ஒன்றாகப் பூசணிக்காய் உட்கார்ந்திருக்கிறது. ஏறும்போது வழி கேட்டுக்கொண்டு ஏறுகிறோம்" என்றார். சிரித்தோம். ஆனால் அந்தப் பருவ முடிவில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் விலகினார்கள். தவறு எங்களுடையது. பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு என்பதைச் சேரும்போது சிரித்த முகத்தோடு பூசி மெழுகிச் சொல்லியிருந்தோம். இப்போது சேர வருகிறவர்களிடம் முதலில் பூசணிக் கதையைத்தான் சொல்கிறோம். கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான்.

அதனால் நீங்கள் முதல் நாளே பங்கு எடுக்காதீர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், என்ன வரும் என்று தெரியாத ஏழு எட்டுக் கிலோ காய் வாரந்தோறும் வந்து இறங்குவது தாங்காது. முதல் இரண்டு மூன்று மாதம் ஏதாவது ஒரே பொருளை மட்டும் விளைவித்தவரிடமிருந்தே வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீரையோ முட்டையோ தக்காளியோ எதுவாகவும் இருக்கட்டும். வாரத்தில் குறித்த ஒரு நாள், குறித்த ஒருவர். மற்றதெல்லாம் வழக்கம்போல் கடையில். அந்த ஒன்றை வாங்கும்போதே அவரிடம் வேறு என்ன இருக்கிறது, எது முடியப்போகிறது, எது வரப்போகிறது என்று காதில் விழத் தொடங்கும். பருவம் என்பது அப்படித்தான் மனதில் பதிகிறது. சுவரில் ஒட்டிய அட்டவணை பார்த்துப் படிவதில்லை.

சமையலறையில் மாற வேண்டியது ஒரே ஒரு பழக்கம். இப்போது நீங்கள் என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டு அதற்கான காயைத் தேடிப் போகிறீர்கள். இனி கையில் இருக்கும் காயைப் பார்த்துவிட்டு என்ன சமைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சொல்வதற்கு எளிது, வீட்டில் சண்டை வருவதும் இதில்தான். எந்தக் காயைப் போட்டாலும் ஒத்துப்போகிற நான்கைந்து பக்குவங்களை வீட்டில் யாராவது ஒருவர் கைக்குள் வைத்திருந்தால் போதும். புதுச் சமையல் குறிப்பைத் தேடி அலைகிற வீடுகள்தான் சீக்கிரம் சோர்கின்றன.

கூடை வீட்டுக்கு வந்தவுடன் இருபது நிமிடம் அதற்குக் கொடுங்கள். மற்ற எல்லா யோசனைகளையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் தழையோடு வந்தால் தழையை உடனே வெட்டிப் பிரித்துவிடுங்கள். வெட்டாவிட்டால் தழை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கிழங்கு ரப்பராக வளையும். முள்ளங்கித் தழையும் பீட்ரூட் தழையும் அன்றைக்கே சமையலுக்கு ஆகும். கீரைக் கட்டை அவிழ்த்து, அழுகிய இலை ஒன்று இருந்தாலும் எடுத்துவிட்டு, ஈரம் பிழிந்த துணியில் தளர்வாகச் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கழுவி ஈரத்தோடு மூடி வைத்தால் இரண்டு நாளில் கூழாகும். தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் பழுப்பதும் நின்று சுவையும் செத்துவிடும். நன்றாகப் பழுத்துவிட்டது, இன்று சமைக்க முடியாது என்றால் மட்டும் உள்ளே வைக்கலாம். ஆப்பிள், வாழைப்பழத்தின் பக்கத்தில் கீரையை வைத்தால் பழம் விடும் எத்திலீன் வாயுவில் கீரை மஞ்சளாகும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒன்றை ஒன்று கெடுக்கும். இது முடிந்ததும் முதலில் வாடப்போவது எது என்று பார்த்து அதை முன்வரிசையில் வையுங்கள். கீரை முதல் இரண்டு நாள், தக்காளியும் பீன்ஸும் நடுவாரம், கிழங்கும் முட்டைக்கோசும் பூசணியும் கடைசியில்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. பக்கத்து வயலிலிருந்து வாங்கி வந்து குப்பையில் போட்டால், அதைவிடத் தூரத்திலிருந்து வந்ததை முழுவதும் சாப்பிடுவது எல்லா வகையிலும் மேல்.

சந்தையில் வாங்குவதானால் ஓர் எச்சரிக்கை. விவசாயிகள் சந்தை என்று பலகை வைத்த இடத்திலும் மொத்தக் கடையில் வாங்கி வந்து விற்கிறவர்கள் இருப்பார்கள். அது பாவம் அல்ல, ஆனால் நீங்கள் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றை வாங்கக் கூடாது. பெட்டிகளைப் பாருங்கள், ஒரே நிறுவனத்தின் முத்திரை போட்ட அட்டைப் பெட்டிகள் மேசைக்கு அடியில் அடுக்கியிருந்தால் யோசியுங்கள். காய்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவில் இருந்தாலும், வேறெங்கும் முடிந்துபோன காய் அங்கே மட்டும் குவிந்திருந்தாலும் யோசியுங்கள். "இது இயற்கை முறையில் விளைந்ததா?" என்று கேட்பதால் பயனில்லை, ஆமாம் என்றுதான் பதில் வரும். "இந்தக் காய்க்கு இந்த ஆண்டு என்ன பூச்சி வந்தது, என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். விளைவித்தவர் நிறுத்தாமல் பேசுவார். நான் ஒருமுறை ஒரு கடையில் இதைக் கேட்டேன். கடைக்காரர் பூச்சியே வரவில்லை என்றார். பூச்சியே வராத வயலை நான் இதுவரை பார்த்ததில்லை.

சான்றிதழைப் பற்றியும் கேட்பீர்கள். சான்றிதழ் இருந்தால் ஒரு வெளியாள் வந்து விதிப்படி சோதித்திருக்கிறார் என்று பொருள். இல்லையென்றால் மருந்து அடிக்கிறார் என்று பொருள் அல்ல; சிறிய பண்ணைக்கு அந்தச் செலவும் எழுத்து வேலையும் பெரிய பாரம். இதற்காகவே விவசாயிகளும் வாங்குகிறவர்களும் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி செய்யும் பங்கேற்பு உத்தரவாத முறை பல நாடுகளில் நடக்கிறது. அந்தக் குழுவில் வயல் பார்க்க வரும் நுகர்வோருக்கு எப்போதும் பஞ்சம். மாதத்தில் ஒரு காலை கொடுக்க முடியுமானால் அது பணத்தைவிடப் பெரிய உதவி.

உழைப்பைப் பற்றிச் சொல்லும்போது ஓர் உண்மையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள் வந்து போகும் தன்னார்வலர்களால் பண்ணைக்குப் பெரும்பாலும் நஷ்டம். ஒருமுறை நாற்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்று மாலை களை எது, கொத்தமல்லி நாற்று எது என்ற பாகுபாடு இல்லாமல் ஒரு பாத்தி முழுவதும் சுத்தமாக இருந்தது. அவர்கள் மனம் குளிர்ந்து போனார்கள், படமும் நிறைய எடுத்தார்கள். மாதம் இரு முறை தவறாமல் வரும் ஒருவர் அந்த நாற்பது பேருக்கும் சமம். வயலில் இறங்கித்தான் உதவ வேண்டும் என்பதும் இல்லை. எங்களுக்கு ஆள் கிடைக்காத வேலைகள் வேறு: பணம் கட்டாதவர்களைப் பக்குவமாகத் தொலைபேசியில் அழைப்பது, கணக்கைச் சரிபார்ப்பது, வண்டியில் பத்து வீட்டுக் கூடையை ஒரே நடையில் கொண்டுசேர்ப்பது, காலிப் பெட்டிகளைத் திரட்டித் திருப்பித் தருவது. அந்தக் காலிப் பெட்டி வராத வாரத்தில் நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது. உங்கள் இருவரில் ஒருவர் கணக்குப் பதிவு தெரிந்தவரானால், எந்தச் சமூகப் பண்ணையும் உங்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகும்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் பக்கத்து வீட்டோடு ஒரு பங்கைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். தவணையில் கட்டலாமா, உழைப்பாகத் தரலாமா என்றும் கேட்கலாம். கேட்கத் தயங்காதீர்கள், கேட்டவர்களுக்காகத்தான் அந்த விதிகளே வந்தன. பக்கத்தில் பண்ணையே இல்லை என்றால் உங்கள் அலுவலகச் சிற்றுண்டிச்சாலையையும் பிள்ளைகளின் பள்ளிச் சமையலறையையும் பாருங்கள். வாரம் ஒரு நாள் ஒரே ஒரு காயை ஒரு விவசாயியிடமிருந்து எடுக்க அவர்கள் சம்மதித்தால் அது முப்பது நாற்பது வீடுகள் சேர்வதற்குச் சமம். அவர்கள் முதலில் கேட்பது அளவும் நேரமும் தவறாது வருமா என்பதுதான். அந்த இடத்தில்தான் பல சிறிய பண்ணைகள் சறுக்குகின்றன. ஆகையால் வருடம் முழுக்கக் கேட்காமல் ஒரு பருவத்துக்கு ஒரு காய் என்று பேசிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்க வேண்டும் என்று விரதம் எடுக்க வேண்டாம். உப்பும் மிளகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவும், காப்பிக்கொட்டை சில நூற்றாண்டுகளாகவும் ஊர் விட்டு ஊர் போகின்றவை. தூரத்தில் விளைவிப்பவரும் விவசாயிதான். நான் வீட்டில் சாப்பிடுவதில் பாதிக்கு மேல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது.

ஒரு பண்ணையைக் கண்டுபிடித்துவிட்டு, சேரலாமா என்று நேரில் பார்க்கப் போகும்போது, என்னவெல்லாம் விளைகிறது என்று கேட்காதீர்கள். அது அவர்கள் துண்டறிக்கையில் இருக்கும். சென்ற ஆண்டு எது பொய்த்தது, அந்த வாரங்களில் உறுப்பினர்களுக்கு என்ன கொடுத்தீர்கள், எத்தனை பேர் விலகினார்கள், நிலம் யாருடையது, குத்தகை எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். எங்களிடம் கேட்டால் பூசணி அம்மாவிடம் அனுப்பிவைப்போம். அவர் விலகவில்லை. கூடையில் பிடிக்காததை வைத்துவிட்டு வேறொருவர் வைத்ததை எடுத்துக்கொள்ளும் மாற்று மேசை ஒன்றை அடுத்த ஆண்டே வாசலில் போட்டு, இன்றுவரை அவர்தான் நடத்துகிறார். பூசணியை மட்டும் அந்த மேசையில் வைக்க யாரையும் விடுவதில்லை.